தன் எண்ணெய்க் கிணறுகளைத் தானே மூடிய நாடு: தெற்கு சூடானின் 2012

தெற்கு சூடான் என்றதும் நம்மவர்களிடம் இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஈழம் பற்றிய விவாதங்களில் 2011 பொதுவாக்கெடுப்பு முன்னுதாரணமாக வந்து நிற்கும்: 98.83 சதவீதம் பேர் பிரிவினைக்கு வாக்களித்தார்கள், உலகமும் ஏற்றுக்கொண்டது, பார்த்தீர்களா என்பார்கள். எதிர்த்தரப்பு அதற்கு அடுத்து நடந்ததைக் காட்டும்: பிரிந்து என்ன கண்டார்கள், இவ்வளவு எண்ணெயை வைத்துக்கொண்டு பட்டினி, இனக்குழுச் சண்டை, அவ்வளவுதானே என்பார்கள். இரண்டு தரப்புமே ஓர் ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அது 2012.

2011 ஜூலை 9 அன்று பிறந்த நாடு அது. ஏழு மாதம்கூட முடியவில்லை, அரசு வருமானத்தில் ஏறக்குறைய 98 சதவீதத்தைத் தந்துகொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை மூட முடிவெடுத்தது. எதிரி குண்டு போட்டு மூடவில்லை, விலை விழுந்தும் மூடவில்லை. பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற காலம் அது. அமைச்சரவை கூடி, பேசி, மூடச் சொன்னது. பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் சரியான முடிவு என்றும் சொல்ல மாட்டேன். ஏன் என்று புரிய முதலில் குழாயைப் பற்றிப் பேச வேண்டும், இனக்குழுக்களைப் பற்றி அல்ல.

கிணறு தம்பிக்கு, பாதை அண்ணனுக்கு

ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது. உள்ளே இருக்கிற தென்னந்தோப்பு தம்பிக்கு, ரோட்டை ஒட்டிய நிலம் அண்ணனுக்கு. தோப்பில் காய் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் வண்டி வெளியே வர வேண்டுமென்றால் அண்ணன் நிலத்தில் கிடக்கிற பாதைதான். பத்திரத்தில் பாதை உரிமை பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில் இருந்தால் பரவாயில்லை. இருபது வருடம் அடித்துக்கொண்டு பிரிந்தவர்களாக இருந்தால்?

சூடான் பிரிந்தபோது நடந்தது இதுதான். 1983 முதல் 2005 வரை நடந்த போரில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் இறந்தார்கள். 2005 ஜனவரியில் கென்யாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தெற்கில் எடுக்கும் எண்ணெயின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி தெற்குக்கு, மீதி வடக்குக்கு. ஆறு ஆண்டு கழித்துத் தெற்கு மக்கள் வாக்களித்து முடிவு செய்யலாம். முடிவு செய்தார்கள். ஒன்றுபட்ட சூடானின் எண்ணெய் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு புதிய எல்லைக்குத் தெற்கே போய்விட்டது. குழாய்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் செங்கடல் ஓரத்து போர்ட் சூடான் துறைமுகமும் வடக்கில் தங்கிவிட்டன. தெற்கில் அப்போது ஒரு சுத்திகரிப்பு ஆலைகூட இல்லை, ஆக தன் கச்சா எண்ணெயைத் தானே டீசலாக்கி ஓட்டவும் வழியில்லை.

இப்படிக் கடற்கரையே இல்லாமல் நாலு பக்கமும் பிற நாடுகள் சூழ்ந்த நாட்டை நிலம்சூழ் நாடு என்பார்கள். உலகில் இப்படி நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, சுவிட்சர்லாந்துகூட அதில் ஒன்று. அதனால் நிலம்சூழ் நாடு என்பது மட்டும் ஒரு சாபம் அல்ல. விற்க ஒரே பொருள்தான், அது வெளியே போக ஒரே வழிதான், அந்த வழியும் நேற்று வரை சண்டை போட்டவன் கையில் என்னும்போதுதான் கழுத்தில் கயிறு.

98 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்

இந்த எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அது அரசாங்கத்தின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

சாதாரணமாக ஒரு அரசு மக்களிடம் வரி வாங்கும். வரி வாங்க வேண்டுமென்றால் கடையை எண்ண வேண்டும், நிலத்தை அளக்க வேண்டும், ரோடு போட்டு வியாபாரம் நடக்கவிட வேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மண்ணுக்கடியில் இருப்பதை அந்நியக் கம்பெனி எடுத்து விற்று, அதன் பங்கை மாதாமாதம் அரசின் கணக்கில் போட்டால் இந்த வேலை எதுவும் தேவையில்லை. இப்படி வரியால் அல்லாமல் வளத்தின் வாடகையால் ஓடுகிற அரசைப் பொருளியல்காரர்கள் வாடகை அரசு என்கிறார்கள். அதன் முக்கிய வேலை வசூல் அல்ல, பங்கீடு. பணம் மேலிருந்து வருகிறது, கீழே யார் யாருக்கு எவ்வளவு என்பதுதான் அரசியல்.

தெற்கின் தலைநகர் ஜூபாவில் அந்தப் பங்கீட்டில் பெரும்பகுதி ராணுவத்துக்குப் போனது. அதற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்தில் தெற்கின் எல்லா ஆயுதக்குழுக்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை, சில குழுக்கள் வடக்கின் தலைநகர் கார்ட்டூமிடம் பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்க்காரர்களையே சுட்டன. 2005 ஜூலையில் விடுதலை இயக்கத் தலைவர் ஜான் கராங் ஹெலிகாப்டர் விபத்தில் இறக்க, அடுத்து வந்த சல்வா கீர் ஒரு வழி பிடித்தார்: எதிர்க்குழுக்களோடு சண்டை போடுவதற்குப் பதில் அவர்களைப் படையில் சேர்த்துச் சம்பளம் கொடுப்பது. 2006 ஜூபா பிரகடனத்தின் கீழ் பௌலினோ மடிப் என்ற தளபதி தன் ஆட்களோடு உள்ளே வந்தார், கீருக்கு அடுத்த நிலையில் துணைத் தலைமைத் தளபதி ஆனார். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். கலகம் செய், பேரம் பேசு, பதவியோடு உள்ளே வா என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சம்பளப் பட்டியல் இரண்டு லட்சம் பேரைத் தொட்டது.

கேவலமான ஏற்பாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் 2006-லிருந்து பெரிய அளவில் சண்டை வெடிக்காமல் பொதுவாக்கெடுப்பு வரை போக முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இதுவரை பார்த்தது: தெற்கு சூடான் அரசு எண்ணெயால் ஓடியது, எண்ணெய் வடக்கின் குழாயால் ஓடியது, உள்நாட்டு அமைதி அந்த எண்ணெய்ப் பணத்தில் கொடுத்த சம்பளத்தால் ஓடியது. மூன்றும் ஒரே குழாயில்.

36 டாலரும் ஒரு டாலருக்குக் குறைவும்

ஒரு நாட்டின் நிலத்தைக் கடந்து சரக்கு போவதற்கு அந்த நாட்டு அரசுக்குக் கொடுப்பது கடவுக் கட்டணம். குழாயைப் பயன்படுத்தக் குழாய் நடத்துபவருக்குக் கொடுக்கும் போக்குவரத்துக் கட்டணம் இதிலிருந்து வேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் 2012 சண்டை பலருக்குப் புரியாமல் போனது.

கார்ட்டூம் பீப்பாய்க்கு 36 டாலர் கேட்டது. ஜூபா கடவுக் கட்டணமாக ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாகச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஜூபா காட்டியது உலக வழக்கத்தை. சாட் நாட்டின் எண்ணெய் கேமரூன் வழியாகக் கடலுக்குப் போகிறது, அதற்கான கடவுக் கட்டணம் அரை டாலரைச் சுற்றித்தான். கார்ட்டூம் கேட்டதோ உண்மையில் வழிக்கூலி அல்ல, இழப்பீடு. நேற்று வரை வந்துகொண்டிருந்த பாதிப் பங்கு ஒரே நாளில் நின்றுபோக, அந்த ஓட்டையை அடைக்கப் பணம் வேண்டும். அதை இழப்பீடு என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கட்டணம் என்று கேட்டது.

கட்டணம் முடிவாகாமலே எண்ணெய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. 2011 இறுதியில் கார்ட்டூம், பாக்கிக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன் என்று தெற்கின் எண்ணெயைப் பிடித்துவைத்துத் தானே விற்கத் தொடங்கியது. 81.5 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைத் திருடிவிட்டார்கள் என்றது ஜூபா. 2012 ஜனவரி 20 அன்று அமைச்சரவை மூடும் முடிவை எடுத்தது, மாத இறுதிக்குள் நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றுபோனது. ஜூபாவின் தெருக்களில் முடிவுக்கு ஆதரவு இருந்தது, எதிரி கொள்ளையடிப்பதற்குப் பதில் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்ற மனநிலை. அடுத்த மாதம், கார்ட்டூமோடு கூட்டு என்று குற்றம் சாட்டி, எண்ணெய் எடுத்துக் குழாய் நடத்திய பெட்ரோடார் கூட்டு நிறுவனத்தின் சீனத் தலைவரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள்.

கிணறுகளில் முதலீடு செய்திருந்தவை சீனாவின் சிஎன்பிசி, மலேசியாவின் பெட்ரோனாஸ், அப்புறம் நம் ஓஎன்ஜிசி விதேஷ். யூனிட்டி மாநிலத்தை உள்ளடக்கிய கிரேட்டர் நைல் கூட்டில் ஓஎன்ஜிசி விதேஷுக்கு 2003 முதல் 25 சதவீதப் பங்கு. ஆகவே ஜூபாவில் குழாய் நின்றபோது டெல்லியிலும் ஒரு கணக்கில் சிவப்புக்கோடு விழுந்தது.

கச்சா எண்ணெய் உறையும்

அப்போது பலர் எழுதியதைப் படித்தால், பிடிக்காவிட்டால் மூடலாம், பிடித்தால் மறுநாள் திறக்கலாம் என்பது போல இருக்கும். அப்படி இல்லை. இந்தப் பகுதி எண்ணெயில் மெழுகு அதிகம். சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை திரவம், 1,400 முதல் 1,600 கிலோமீட்டர் நீளக் குழாய்க்குள் நின்றுபோய்க் குளிர்ந்தால் கூழாகி, பிறகு கெட்டியாகிவிடும். கெட்டியானால் குழாயே வீண். அதனால் நிறுத்தும்போது எண்ணெயை முழுக்கத் தள்ளிவிட்டு, குழாயில் தண்ணீரை நிரப்பி வைக்க வேண்டும். திரும்பத் தொடங்கும்போது அந்தத் தண்ணீரை வெளியே தள்ளி, கிணறுகளை ஒவ்வொன்றாக எழுப்பி, எண்ணெய் துறைமுகம் சேர வாரங்கள் ஆகும். மூடுவதற்குச் செலவு, திறப்பதற்கும் செலவு, இடையில் கிணற்றின் அழுத்தம் கெட்டுப்போனால் முன்பு வந்த அளவு திரும்ப வராது.

இதெல்லாம் ஜூபாவுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தேடினார்கள். 2012 மார்ச் 2 அன்று கென்யாவின் லாமுவில் புதிய துறைமுகம், குழாய், ரயில்பாதைத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கென்யாவின் முவாய் கிபாக்கி, எத்தியோப்பியாவின் மெலஸ் ஜெனாவி, சல்வா கீர் மூவரும் வந்திருந்தார்கள். படத்துக்கு நன்றாக இருந்தது. தெற்கு சூடானிலிருந்து லாமுவுக்குப் போக வேண்டிய குழாய் மட்டும் கட்டப்படவே இல்லை.

ஹெக்லிக்கில் பத்து நாள்

மார்ச் கடைசியில் எல்லையில் மோதல். ஏப்ரல் 10 அன்று தெற்கின் படை ஹெக்லிக்கைப் பிடித்தது. வடக்கிடம் மிஞ்சியிருந்தது நாளுக்குச் சுமார் 1,15,000 பீப்பாய் உற்பத்தி, அதில் பாதி ஹெக்லிக்கில்தான். தெற்கில் அந்த ஊரைப் பாந்தோ என்கிறார்கள், எங்களுடையது என்கிறார்கள். என் கிணறு ஓடவில்லை, உன்னுடையதும் ஓடக்கூடாது என்ற கணக்கு.

பின்வாங்கச் சொன்ன ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூனிடம், நான் உங்கள் கட்டளைக்குக் கீழ் இல்லை என்று பதில் சொன்னதாகக் கீர் நாடாளுமன்றத்தில் பேசினார். சூடான் அதிபர் ஓமர் அல் பஷீர் பதிலுக்குத் தெற்கின் ஆளும் கட்சியைப் பூச்சிகள் என்றார். வடக்கின் விமானங்கள் தெற்கின் பென்டியு நகரையும் பக்கத்து ருப்கோனா சந்தையையும் குண்டு போட்டன. சுதந்திரத்தைக் கொண்டாடி அனுப்பிய அதே உலகம் இந்த முறை ஜூபாவைத்தான் கண்டித்தது, கீர் ஏப்ரல் 20 அன்று பின்வாங்குவதாக அறிவித்தார், கார்ட்டூம் நாங்கள் விரட்டினோம் என்றது. மே 2 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 2046-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, இரண்டு பேரும் பேச்சுக்குத் திரும்பாவிட்டால் தடை வரும் என்றது.

மூடும் முடிவைவிடப் பெரிய தவறு ஹெக்லிக்தான் என்பது என் எண்ணம். மூடியபோது நியாயம் கொஞ்சமாவது ஜூபா பக்கம் இருந்தது. இந்தப் பத்து நாளில் அதையும் தொலைத்தார்கள்.

பணம் நின்றபோது முதலில் தெரிந்தது எங்கே

சந்தையில். நாடு சாப்பிடுவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. வடக்கு எல்லை மூடியதால் யூனிட்டி, அப்பர் நைல் போன்ற வடபகுதி மாநிலங்களுக்கு வந்துகொண்டிருந்த சோளமும் சர்க்கரையும் எரிபொருளும் நின்றன. ஜூபாவுக்கு உகாண்டாவிலிருந்து லாரிகள் வந்தன, ஆனால் உகாண்டா வியாபாரிக்கு டாலர் வேண்டும், டாலரோ எண்ணெய் விற்றால்தான் வரும். அரசு விலை டாலருக்கு மூன்று பவுண்டு அளவில் அப்படியே நிற்க, தெருவில் அது அதைவிட எங்கோ மேலே போனது. அரசு விலையில் டாலர் வாங்கும் செல்வாக்குள்ளவர், மத்திய வங்கியில் வாங்கித் தெருவில் விற்றாலே லாபம், எந்தச் சரக்கும் கொண்டுவர வேண்டியதில்லை. மே மாதத்தில் ஓராண்டு விலையேற்றம் 80 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது.

கிராமத்தில் மாடு வைத்திருப்பவர் இதை உடனே உணரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு அரசு முன்பும் எதுவும் கொடுத்ததில்லை. பாலும் சோளமும் சொந்தம், சொத்தே மாடுதான். அடி விழுந்தது நகரத்தில் சம்பளத்தை நம்பியவர்களுக்கும் எல்லையோர அகதி முகாம்களுக்கும். வடக்கின் நீல நைல், தெற்கு கோர்டோபான் பகுதிகளில் நடந்த வேறொரு போரிலிருந்து தப்பி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மபானிலும் யிடாவிலும் வந்து கிடந்தார்கள்.

அரசு சிக்கனம் என்றது. படிகளை வெட்டியது, மாநிலங்களுக்குப் போகும் பணத்தைக் குறைத்தது. ராணுவச் சம்பளத்தில் கைவைக்க முடிந்தவரை தயங்கியது, ஏன் என்று மேலே பார்த்தோம்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வெளியே வந்தது. மே மாதம் கீர், பதவியிலிருந்த, பதவியில் இருந்து போன 75 பேருக்கு எழுதியது. 400 கோடி டாலர் காணவில்லை அல்லது திருடப்பட்டிருக்கிறது, திருப்பித் தந்தால் பெயரை வெளியிட மாட்டோம், கென்யாவில் ஒரு வங்கிக் கணக்கு திறந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார். எதற்காகப் போராடினோம் என்பதை அதிகாரம் வந்ததும் மறந்துவிட்டோம் என்ற பொருளிலும் ஒரு வரி. ஒரு நாட்டின் அதிபர் தன் சகாக்களிடம், திருடியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள் என்று கேட்கிறார். வாடகை அரசு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்ட முடியாது: வரி கட்டாத மக்களுக்குக் கணக்குக் கேட்கும் பிடி இல்லை, தலைவரால் கெஞ்சத்தான் முடிகிறது.

சுருக்கமாக இந்தக் கட்டம்: வடக்கு முதலில் விழும் என்று ஜூபா நினைத்தது. வடக்கும் அடிவாங்கியது உண்மை, எரிபொருள் மானியத்தை வெட்டப்போய் ஜூன் மாதம் கார்ட்டூமில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அது விழவில்லை. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு மற்றவர் முதலில் விடட்டும் என்று காத்திருந்தார்கள்.

எண்ணெயோடு சம்பந்தமில்லாதவை

எல்லாவற்றையும் குழாயில் கட்டிவிடக் கூடாது. ஆண்டின் தொடக்கத்தில் ஜோங்லெய் மாநிலத்தின் பிபோரில், ஆயிரக்கணக்கான லோ நுவேர் இளைஞர்கள் முர்லே இனத்தவரைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பழிவாங்கல் தொடர்ந்தது. இது எண்ணெய்க்கு முன்பே இருந்த மாட்டுப் பகை. ஆனால் ஈட்டி இருந்த கையில் துப்பாக்கி வந்தது போரால், தடுக்கப் போன அரசுப் படையிடம் போதிய ஆளும் ரோடும் இல்லை.

நல்லதும் நடந்தது. மே மாதம் பிஃபாவில் சேர்ந்தார்கள், ஜூலை 10 அன்று ஜூபாவில் உகாண்டாவோடு முதல் சர்வதேசப் பந்தாட்டம், 2-2 சமநிலை. லண்டன் ஒலிம்பிக்கில் குவோர் மரியால் மாரத்தான் ஓடினார், நாட்டுக்கு ஒலிம்பிக் குழு இல்லாததால் ஒலிம்பிக் கொடியின் கீழ். செப்டம்பரில் ஜூபாவிலிருந்து உகாண்டா எல்லை நிமுலே வரை 192 கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தார்கள். எனக்கு அந்த ஆண்டின் உருப்படியான செய்தி அந்தச் சாலைதான். கார்ட்டூமைக் கேட்காமல் சரக்கு வர ஒரு வழி.

அடிஸ் அபாபா கணக்கு

தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் தாபோ உம்பெக்கி தலைமையில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழு இரண்டு பேரையும் உட்கார வைத்தது. ஆகஸ்டில் விலை படிந்தது, செப்டம்பர் 27 அன்று அடிஸ் அபாபாவில் கையெழுத்து. முடிவான கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். கடவுக் கட்டணம் பீப்பாய்க்கு ஒரே ஒரு டாலர். பதப்படுத்த 1.60 டாலர். போக்குவரத்து ஒரு குழாயில் 8.40, இன்னொன்றில் 6.50. ஆக 11 டாலர் அல்லது 9.10 டாலர். அதற்கு மேல் பீப்பாய்க்கு 15 டாலர் வீதம், மூன்றரை ஆண்டில் மொத்தம் 302.8 கோடி டாலர், வடக்கின் இழப்பை ஈடுகட்ட.

கூட்டினால் 24, 26 டாலர் வருகிறது. பெயரில் ஜூபா சொன்னது நின்றது, தொகை கார்ட்டூம் கேட்டதன் பக்கம்தான் சாய்ந்தது. இழப்பீட்டை இழப்பீடு என்றே எழுதினார்கள், அதற்கு முடிவுத் தேதியும் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜனவரியிலேயே இதைச் செய்திருக்கலாமே என்றால், அன்று இருவரில் யாருமே அவ்வளவு வலிக்கும் என்று நம்பவில்லை.

கையெழுத்தான பிறகும் எண்ணெய் ஓடவில்லை. எல்லையின் இருபுறமும் பத்துப் பத்து கிலோமீட்டர் ராணுவம் இல்லாத பகுதி அமைக்க வேண்டும், வடக்கில் இன்னும் சண்டை போடும் பழைய தோழர்களுக்குத் தெற்கு உதவக் கூடாது என்று கார்ட்டூம் பிடிவாதமாக நின்றது. 2013 ஏப்ரலில்தான் கிணறுகள் திரும்பத் திறந்தன.

அதற்குப் பிறகு

2012 ஆகஸ்டில் பௌலினோ மடிப் நைரோபியில் இறந்தார். 2013 ஜூலையில் கீர் துணை அதிபர் ரீக் மச்சாரையும் அமைச்சரவையையும் நீக்கினார். டிசம்பர் 15 இரவு ஜூபாவில் அதிபர் காவல்படைக்குள்ளேயே சண்டை தொடங்கியது, சில நாளில் அது டிங்கா, நுவேர் என்ற இரண்டு இனக்குழுக்களாகப் பிரிந்து நாடு முழுக்கப் பரவியது.

எண்ணெயை மூடியதுதான் போருக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. போர் வெடித்தபோது எண்ணெய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மச்சாருக்கும் கீருக்கும் இருந்த பகை 1991-லிருந்து வருவது. ஆனால் பதினைந்து மாதம் வருமானம் இல்லாத கஜானாவால் பழையபடி எல்லாரையும் வாங்கி உள்ளே வைத்திருக்க முடியவில்லை. பணம் இருந்த காலத்தில் கலகக்காரரைப் பதவி கொடுத்து அடக்கினார்கள். பணம் குறைந்த காலத்தில் பதவியிலிருப்பவரை நீக்கிச் சமாளிக்கப் பார்த்தார்கள். இனக்குழு என்பது சண்டை எந்தக் கோட்டில் பிளந்தது என்று சொல்லும், ஏன் அந்த ஆண்டில் பிளந்தது என்று சொல்லாது.

குழாய் இன்னும் அதே குழாய்தான். 2023 ஏப்ரலில் சூடானுக்குள் ராணுவமும் துணை ராணுவப் படையும் அடித்துக்கொள்ளத் தொடங்கின. 2024 பிப்ரவரியில் போர்ப் பகுதிக்குள் பெட்ரோடார் குழாயில் எண்ணெய் உறைந்து, குழாய் வெடித்தது. இந்த முறை யாரும் மூட முடிவெடுக்கவில்லை, கட்டணம் பற்றிச் சண்டையும் இல்லை. ஏறக்குறைய ஓராண்டு தெற்கின் ஏற்றுமதியில் பெரும்பகுதி நின்றது, ஜூபாவில் அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை.